மடுவத்துத் தராசு

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பிறரைத் தீர்ப்பிடாமல், அன்போடு நடந்துகொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். மலைப்பொழிவில் இயேசு சொன்னதுதான். மத்தேயு ஏழாம் அதிகாரம். ஞாயிறு மறைக்கல்விக்குப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பையும் நம் கண்ணில் கிடக்கும் மரத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மனப்பாடம் ஆனதாலேயே அது நம் காதில் விழாமல் போய்விட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பகுதியில் துரும்புக்கு முன்னால் இன்னொரு பேச்சு வருகிறது. அளவு. நீ எந்த அளவால் பிறரை அளக்கிறாயோ அதே அளவால் உனக்கும் அளக்கப்படும் என்கிறார். இந்த ஊவா மாகாணத்தில் அளவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார்? பேராசிரியரா? வியாபாரியா? ஆயரா? இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்தான்.

மடுவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நகரத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மலையிலிருந்து கூடையோடும் சாக்கோடும் இறங்கி, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற இடம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவள், பனியில் நனைந்தவள், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவியவள், இப்போது தராசின் முன்னால் நிற்கிறாள். ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு. சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு. மிச்சம்தான் அவளுடைய கணக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் இலக்கு மாறும். ஓரிடத்தில் 16 கிலோ, ஓரிடத்தில் 18, இன்னோரிடத்தில் 20. இலக்கைத் தொட்டால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். யோசித்துப் பாருங்கள்: காலை முதல் மாலை வரை மலையில் நின்ற ஒரு முழு மனுசி, தராசின் முள் கொஞ்சம் அசைந்ததால் அரைப்பேர் ஆகிவிடுகிறாள்.

அந்தப் பெண்ணின் காதால் இயேசுவின் வார்த்தையைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு அது எச்சரிக்கை. அவளுக்கு அது நற்செய்தி. தராசைப் பிடித்திருப்பவனும் ஒருநாள் தராசில் ஏறுவான் என்று யாரோ ஒருவர் சொல்கிறார்! லூக்கா அதே பேச்சைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார். அங்கே கடவுளின் அளவில் கழிவே கிடையாது. அழுத்தி, அசைத்து, வழிய வழிய மடியில் கொட்டுகிற அளவு அது. (கொழுந்தை அப்படி அழுத்தக் கூடாது, சூடேறிக் கெட்டுவிடும் என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. உண்மைதான் அக்கா. லூக்கா தானியத்தைச் சொன்னார்.)

ஆனால் இதே அக்காவிடம் நான் இன்னொன்றும் கேட்க வேண்டும். மடுவத்தில் தராசு கணக்கப்பிள்ளை கையில். சரி. சாயங்காலம் பீலிக்கரையில் அது யார் கையில்?

தண்ணீர் பிடிக்க நான்கு பேர் கூடினால் அங்கே ஒரு நீதிமன்றம் கூடிவிடுகிறது. சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், தவணை வேண்டாம். "தொங்கக் காம்பராக்காரி புள்ளைகள விட்டுட்டு வெளிநாடு போயிட்டா, பாத்தியா?" "அவளுக்குக் காசுதான் பெருசு." முடிந்தது வழக்கு. அவள் ஏன் போனாள்? தோட்டத்துச் சம்பளத்தில் வட்டி கட்ட முடிந்ததா? அங்கே எந்த வீட்டில் எத்தனை மணிக்கு எழும்புகிறாள்? இதைப் பீலிக்கரை கேட்காது. அவள் அனுப்பிய காசில் ஆலயத்துக் கூரைக்குத் தகரம் போட்டிருப்பார்கள். அந்தத் தகரத்தின் கீழே உட்கார்ந்தும் அவளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பெண்களை மட்டும் சொல்கிறேன் என்று ஆண்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் நீதிமன்றம் தேத்தண்ணிக் கடையில் கூடுகிறது. படித்தவர்களின் நீதிமன்றம் இப்போது கைத்தொலைபேசியில் இருபத்துநான்கு மணி நேரமும் கூடுகிறது.

நாம் ஏன் தீர்ப்பிடுகிறோம்? ஆணவம் என்பார்கள். பொறாமை என்பார்கள். அவையும் உண்டு. எனக்கு வேறொரு காரணம் தெரிகிறது. தீர்ப்பு எழுதிவிட்டால் உதவி செய்ய வேண்டியதில்லை. அடுத்தவன் கஷ்டத்துக்கு அவனே காரணம் என்று முடிவாகிவிட்டால், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். இதற்கு இந்தப் பதுளையிலேயே சாட்சி இருக்கிறது.

நம் நகரத்தில் புனித மாற்கு ஆலயம் நிற்கிறதே, அது யார் நினைவாகக் கட்டப்பட்டது தெரியுமா? மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். வெள்ளைக்கார இராணுவ அதிகாரி, உதவி அரசாங்க அதிபர், பதுளையின் மாவட்ட நீதிபதியும் அவரே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் எடுத்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். அவருக்காக 1857இல் திறந்த ஆலயம் அது. மின்னல் தாக்கி இறந்தார் என்பது செய்தி. அதோடு ஊர் சும்மா இருக்குமா? "யானைகளின் பாவம் சும்மா விடவில்லை" என்று தீர்ப்பு எழுதியது. நூற்றெண்பது வருடமாக அந்தத் தீர்ப்பு மாறவில்லை. நீதிபதிக்கே தீர்ப்பு எழுதிய ஊர் இது!

யானைகளைக் கொன்றதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஒரே ஒரு கேள்வி. அவருக்குச் சில வருடங்களுக்குப் பின் நுவரெலியாவில் தங்கி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்ற இன்னொரு வெள்ளைக்காரர் இருந்தார். அவரை எந்த மின்னலும் தொடவில்லை. 1893இல், 72 வயதில், இங்கிலாந்தில் தம் வீட்டில் இறந்தார். இந்தக் கணக்கை எந்தச் செக்ரோலில், எந்தப் பேர்ப்பதிவில் எழுதுவது? மின்னல் பாவம் பார்த்தா விழுகிறது?

இயேசுவிடம் இதே கணக்கோடு வந்தார்கள். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப் போனார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் ஊரிலேயே பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே அடித்துச் சொல்கிறார். அதோடு விடவில்லை, கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களின் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றிப் பேசவந்தவர்களுக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

நமக்கும் ஒரு சீலோவாம் உண்டு. அதன் பெயர் மீரியபெத்தை.

2014 அக்டோபர் 29. புதன்கிழமை. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம். காலை ஏழரை மணி அளவு. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். மலை சரிந்து வந்தது. வரிசை வீடுகளான லயங்கள் போயின, கோவில் போனது, இருந்த இடமே தெரியாமல் போனது. மாலையில் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, சிலருக்கு அம்மா அப்பாவும் இல்லை. தோண்டி எடுக்க முடியாமல் அந்த மண்ணுக்குள்ளேயே இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அன்றைக்கு நாடு முழுவதும் அழுதது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. சிங்கள ஊர்களிலிருந்து, முஸ்லிம் கடைகளிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, மட்டக்களப்பிலிருந்து அரிசி வந்தது, உடுப்பு வந்தது, பால்மா வந்தது. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகள் தங்குமிடங்கள் ஆயின. யாரும் யாரையும் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கவில்லை.

ஆனால் அழுகை காய்வதற்குள் இன்னொரு குரலும் எழுந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். "ஆபத்து என்று 2005இலேயே சொன்னோமே, 2011இலும் சொன்னோமே, அவர்கள் கேட்கவில்லையே" என்ற குரல். எச்சரிக்கை தரப்பட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். சரி, வைத்துக்கொள்வோம். எழும்பிப் போ என்றவர்கள், எங்கே போவது என்று சொன்னார்களா? இருநூறு வருடமாக இந்த மலைகளைத் திருத்திய சனத்துக்கு லயத்து வாசலைத் தாண்டி ஒரு துண்டு நிலம் உண்டா? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்து அறையான காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டும். போக இடம் இல்லாதவனிடம் "போகச் சொன்னோமே" என்பது எச்சரிக்கையா? அவன் சாவுக்கு அவனையே காரணமாக்கி எழுதிவைத்த முன்கூட்டிய தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் குரல் கொழும்பிலிருந்து மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். இந்தப் பதுளைக் கடைவீதியிலும் கேட்டது. ஆலய வளாகங்களிலும் கேட்டது. நம்மில் சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், குடிதான் காரணம், பாவம்தான் காரணம் என்று பிரசங்கமும் செய்தார்கள். சீலோவாம் பகுதியை அவர்களுடைய வேதாகமத்திலிருந்து யாரோ கிழித்துவிட்டார்கள் போலும்.

பிழைத்தவர்களில் பல குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கின. மக்கல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. இரண்டு வருடம்! முதல் வாரத்தில் வந்த அன்பு பெரிய அன்பு. ஆனால் இரண்டாவது வருடத்தில் அந்தத் தொழிற்சாலைக்குப் போய், "என்ன மாமா, எப்படி இருக்கீங்க, கிழவிக்கு மருந்து கிடைக்குதா" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அன்பை அளக்க ஒரு தராசு உண்டென்றால் அதன் படிக்கல் அந்த இரண்டாவது வருடம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தீர்ப்பிடாதே என்ற வார்த்தையை நம் தோட்டங்களில் தலைகீழாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலிக்கன் சபையினர் தோட்டத்துத் தமிழர் மத்தியில் தொடங்கிய பணி 1854இலிருந்து வருகிறது. அதற்குத் தோட்டத் துரைமாரின் ஆதரவும் இருந்தது. அந்தப் பணியால் எழுத்தறிவு பெற்றவர்கள் பலர். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துரையின் காசில் வரும் உபதேசியார், துரையின் தராசு பிழை என்று பிரசங்கத்தில் சொல்வாரா? பொறுத்துக்கொள், தீர்ப்பிடாதே, பரலோகத்தில் பலன் உண்டு. இப்படித்தானே பல தலைமுறைகளுக்குச் சொல்லப்பட்டது?

ஒன்று கேட்கிறேன். இயேசு அப்படியா சொன்னார்? சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிக்கிறவன். ரோமனுக்காகத் தன் சனத்தையே பிழிந்தவன். நம் பாஷையில் சொன்னால் பழைய காலத்துப் பெரிய கங்காணி. துண்டு முறை என்று ஒன்று இருந்ததே, 1921இல் ஒழித்தார்களே, கடனை எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளையே தோட்டம் மாற்றுகிற முறை, அந்தக் கங்காணியைப் போல ஒருவன். தம்மைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த அவனை இயேசு இறக்கி, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்குவேன் என்கிறார். ஊர் முணுமுணுத்தது. முணுமுணுக்காதா? நானாக இருந்தாலும் முணுமுணுத்திருப்பேன். ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது? பிடுங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்றான். ஆளை ஒதுக்கவில்லை, கணக்கையும் விடவில்லை. கணக்கப்பிள்ளையைச் சபிக்காதே என்று இயேசு சொல்வார். தராசு பிழை என்று சொல்லாதே என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தொழிற்சங்கத்துத் தலைவர்மார் இரண்டொருவர் இங்கே இருக்கிறீர்கள். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இப்படி வாழ்ந்து காட்டியவர்கள் உண்டா? இந்த மாகாணத்திலேயே உண்டு. 1972இல் பதுளை தனி மறைமாவட்டம் ஆனது. வருமானம் இல்லாத மறைமாவட்டம், கத்தோலிக்கர் தொகை மிகக் குறைவு. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, கண்டியை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமாணவர் பயிற்சியகத்தைத் தொடங்கினார். இந்த மண்ணின் சனத்தோடு பழகித்தான் குருவாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அங்கே அவரோடு பணிசெய்தவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ. படிப்பில் பெரியவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கொழும்பிலோ ரோமிலோ இருந்திருக்கலாம். 1980இல் புத்தலைப் பக்கம், ஏறக்குறைய எல்லோரும் பௌத்தர்களாக இருந்த ஒரு வறண்ட கிராமத்தில் போய்க் குடியிருந்தார். அந்த இல்லத்துக்கு சுப செத் கெதர என்று பெயர். நல்லெண்ண இல்லம் என்று பொருள் கொள்ளலாம். கிராமம் அவரை எப்படிப் பார்த்தது? சந்தேகத்தோடுதான் பார்த்தது. மதம் மாற்ற வந்த பாதிரி என்று அதுவும் ஒரு தீர்ப்பு எழுதியது. அவர் வாதாடவில்லை. பதில் தீர்ப்பும் எழுதவில்லை. யாரையும் மதம் மாற்றவும் இல்லை. மருந்துக்கு அலைந்தவனோடு அலைந்தார், நிலம் பறிபோனவனோடு நின்றார், பிக்குகளோடு உட்கார்ந்து பேசினார். சந்தேகம் கரைந்தது. 1987 நவம்பர் 10ஆம் திகதி, அந்தச் சின்ன இல்லத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்காக அழுத கிராமம் பௌத்தக் கிராமம்.

ஊவாவின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. 1983 ஜூலையில் இந்த நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. 2000 அக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்து, அடைபட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை அடித்தும் வெட்டியும் கொன்றது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஒரு இளைஞனின் பெயராவது தெரியும்? பெயர் தெரியாமலே தீர்ப்பு, தீர்ப்போடு தண்டனை. பின்னர் உண்மையான நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், தண்டிக்கப்பட்டவர்களும் 2005இல் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். கும்பலின் தீர்ப்புக்கு ஒரு மணி நேரம் போதும். நீதியின் தீர்ப்புக்கு ஐந்து வருடமும் போதவில்லை.

வெளியே இருப்பவர்களைச் சொன்னது போதும். நம் சங்கதிக்கு வருவோம். நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து நாடற்றவர் ஆக்கினார்கள். 1964இல் நம்மைக் கேட்காமலே இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று இந்தியாவின், இலங்கையின் பிரதமர்கள் இருவரும் பங்கு பிரித்தார்கள். வலித்தது. இன்றும் வலிக்கிறது. சரி, டவுனில் கடை வைத்து, பிள்ளையைக் கொழும்பில் படிக்கவைத்து, கொஞ்சம் மேலே வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பஸ்ஸில் கூடையோடு ஏறும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். தோட்டக்காட்டான் என்ற சொல்லை நாமே கற்றுக்கொண்டோம். சம்பந்தம் பேசும்போது எந்த லயம் என்று கேட்டு, அதிலிருந்து சாதியைக் கண்டுபிடிக்கிறோம். கத்தோலிக்கர், மெதடிஸ்த சபையார், அல்லேலூயாக் கூட்டம் என்று ஒருவரை ஒருவர் நிறுத்துப் பார்க்கிறோம். மடுவத்தில் ஒரு கிலோ கழித்ததற்காக அழுத சனம் நாம். அடுத்தவனுக்கு எத்தனை கிலோ கழிக்கிறோம்?

இனி ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நம் மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. மழை இனியும் வரும். எச்சரிக்கையும் வரும், சிலவேளை இராத்திரியிலும் வரும். லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? மேட்டில் பாதுகாப்பான இடத்தில் நம் ஆலய மண்டபங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம்? சில இடங்களில் பொருளாளரிடம். அவர் டவுனில் இருக்கிறார். இரவு பன்னிரண்டு மணிக்கு அவரைத் தேடுவது யார்?

ஆகவே சபைக் குழுக்களிடம் என் வேண்டுகோள் இது. சாவி வைத்திருக்கும் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் மண்டபக் கதவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராவது லயத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். கதவைத் திறக்கும்போது வருகிறவன் திருநீறு பூசியிருக்கிறானா, குடித்திருக்கிறானா, போன முறை சொன்னதைக் கேட்டானா என்று யாரும் கேட்கக் கூடாது. பாய் இருக்கிறதா, கொதிதண்ணீருக்கு விறகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளர் வாசலில் ஒரு கொப்பியோடு இருப்பார். இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு சபையும் தன் மண்டபத்தின் பெயரையும் சாவிக்காரரின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். லுணுகலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களிடம் முதலில் எழுதி வாங்குங்கள்.